அப்ரூவல் மனையா, முறைப்படுத்தியதா, பழைய பத்திரமா, நத்தமா: எதை வாங்கலாம்?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரின் புறநகரில் மனை பார்க்கப் போனால், ஒரே சாலையில் கூப்பிடு தூரத்துக்குள் மூன்று நான்கு விலை சொல்வார்கள். சதுர அடி 1,500 என்று ஒரு இடம், 1,200 என்று இன்னொரு இடம், வேலியைத் தாண்டினால் 900. ஏன் இந்த வித்தியாசம் என்று புரோக்கரிடம் கேட்டால், "அது கார்னர், இது உள்ளே தள்ளி" என்பார். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம், அந்த மனைக்குப் பின்னால் என்ன காகிதம் இருக்கிறது என்பது.

கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு வங்கிக் கடன், 1,200 சதுர அடியில் ஒரு வீடு என்று நினைத்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவர் முன்னால் பொதுவாக நான்கு வகை மனை வந்து நிற்கும்: அரசு ஒப்புதல் பெற்ற புது மனைப்பிரிவு, ஒப்புதல் இல்லாமல் பிரித்து, பிற்பாடு அரசுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்திய மனை, ஒப்புதலே இல்லாமல் பழைய பத்திரம் மட்டும் உள்ள மனை, ஊரின் பழைய குடியிருப்பு இடமான கிராம நத்தம். ஐந்தாவதாகப் பண்ணை நிலம் என்று ஒன்று இப்போது பரவலாக விற்கிறது, அதையும் சொல்கிறேன். சதுர அடி விலையை ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: அந்த இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது? இரண்டு வருடத்தில் வீடு கட்டப் போகிறவருக்கும், மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப்போடுகிறவருக்கும் ஒரே மனை பொருந்தாது.

2016-இல் மாறியது என்ன

இந்த வகைகள் எல்லாம் ஏன் உண்டாயின என்று தெரிந்தால்தான் விற்பவர் பேச்சு பிடிபடும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலேயே வந்துவிட்டது. இருந்தும் பல பத்தாண்டுகளாக, புஞ்சையோ நஞ்சையோ ஒரு நிலத்தை வாங்கி, கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, ஒரு வரைபடம் போட்டு, பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி விற்பதுதான் வழக்கமாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகமும் பதிவு செய்து கொடுத்தது.

வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் இல்லாத வீட்டு மனையின் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. அதே மனை முன்பே வீட்டு மனை என்று பதிவாகியிருந்தால், மறுபடி பதிவு செய்யலாம். இந்த விலக்கை வைத்துத்தான் இன்றைக்கும் ஒரு சந்தை ஓடுகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட லட்சக்கணக்கான குடும்பங்களை என்ன செய்வது? அதற்காக 2017 மே மாதம் அரசு முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது பத்திரப் பதிவாகி விற்கப்பட்ட மனைப்பிரிவு என்றால், கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். கடைசி நாள் பலமுறை நீட்டிக்கப்பட்டது, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த மனைப்பிரிவுக்கு இந்தக் கதவு கிடையாது. ஆகவே ஒப்புதல் இல்லாத மனை என்றாலே, முதல் விற்பனை எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள்.

ஒப்புதல் பெற்ற புது மனைப்பிரிவு

ஒப்புதல் தருவது, சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். சிஎம்டிஏ எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். அதனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் பழைய டிடிசிபி எண்ணோடு இருக்கும் மனைக்கு இப்போது யாரிடம் போக வேண்டும் என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஒப்புதலுக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? முத்திரை வைத்த ஒரு வரைபடத்துக்காக மட்டும் இல்லை. சாலை இவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வாய்க்கால் ஓடினால் அதை விட்டுத்தான் மனை பிரிக்க வேண்டும், நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்காக விட வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இருக்கிறது. சாலையையும் பூங்கா இடத்தையும் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த பிறகு அந்தச் சாலை ஊருடையது. நாளைக்கு மண்ணுக்குச் சொந்தக்காரரின் பேரன் வந்து குறுக்கே வேலி போட முடியாது. ஒரு வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி எனக்குத் தோன்றவில்லை.

இங்கேயும் ஏமாற இடம் உண்டு. முதலில் வருவது தொழில்நுட்ப ஒப்புதல். சாலையையும் பூங்காவையும் ஒப்படைத்த பிறகு உள்ளாட்சி தருவதுதான் இறுதி ஒப்புதல். முதல் காகிதம் கைக்கு வந்ததுமே "அப்ரூவல் வந்தாச்சு" என்று அட்வான்ஸ் வாங்கத் தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறுதி ஒப்புதல் எண்ணையும், தானப் பத்திரத்தின் ஆவண எண்ணையும் கேளுங்கள். ஒரு சொத்தில் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றில் தானப் பத்திரம் தெரியும், மறைக்க முடியாது.

500 சதுர மீட்டரையும் 8 மனையையும் தாண்டிய திட்டம் என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. "புக்கிங்குக்கு பாதி கட்டிடுங்க, விலை ஏறப் போகுது" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள்.

வீடு கட்டும் கட்டத்தில் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ தரையோடு ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். மனையின் காகிதம் சுத்தமாக இருக்கிறவருக்கு இது பெரிய வசதி. காகிதத்தில் குறை இருந்தால், கொத்தனாரைப் பார்க்கும் முன் அலுவலகப் படிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் இந்த ஒப்புதலிடம் எதிர்பார்க்காதீர்கள். நிலம் விற்பவருடையதுதானா என்று அது சொல்லாது. பதிவும் சொல்லாது. பதிவு அலுவலருக்கு உரிமையை விசாரிக்கும் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, தெளிவாகச் சொன்னது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா, பவர் ஏஜென்ட் எழுதிய பத்திரம் என்றால் பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருந்தாரா, இதையெல்லாம் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. பவர் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தையும் காகிதத்திடம் கேட்க முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழைக்கு மறுநாள் போய் நின்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் பழைய வீட்டுக்காரர் யாராவது இருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் காட்டுவார்.

முறைப்படுத்திய மனை

கையில் உள்ள பணத்துக்கு நல்ல இடம் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். காரணம், இந்த மனைகள் பழையவை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிரித்ததால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும், சுற்றி வீடுகள் வந்திருக்கும், மளிகைக் கடையும் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் இருக்கும். புது மனைப்பிரிவில் பூங்கா இருக்கும், ஆனால் பஸ் ஏற மூன்று கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

முறைப்படுத்துவதில் இரண்டு அடுக்கு உண்டு. முதலில் மனைப்பிரிவு முழுவதற்குமான வரைபட ஒப்புதல், அப்புறம் தனி மனைக்கான உத்தரவு. இரண்டும் வேண்டும். விற்பவர் கட்டணம் கட்டிய ரசீதை மட்டும் காட்டி "முடிஞ்ச மாதிரிதான்" என்றால், முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவில் உள்ள மனை எண், பத்திரத்தில் உள்ள மனை எண், தரையில் நிற்கும் கல், மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பழைய வரைபடத்தில் 14 என்று இருந்தது முறைப்படுத்திய வரைபடத்தில் வேறு எண்ணாகி, பத்திரம் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தால், கடன் கேட்கப் போகும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

இவற்றின் பலவீனம் சாலை. கட்டணம் கட்டியதால் 16 அடிச் சந்து 23 அடித் தெருவாக மாறிவிடாது. பூங்கா பெரும்பாலும் இருக்காது. மழைநீர் வடிகால் போட இடமே விட்டிருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், அந்தத் தெரு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது. மனைக்குப் பட்டா பார்க்கிறவர்கள் தெருவுக்குப் பட்டா பார்ப்பதில்லை. வரைபடத்தில் தெரு ஓடும் புல எண்ணைக் குறித்துக்கொண்டு, அரசின் இணையதளத்தில் பட்டாவையும், அந்தப் புல எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள் என்றால் நல்லது. இன்னும் பழைய விவசாயியின் பெயரிலேயே பட்டா இருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் அந்த நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது உங்கள் தெருவும் பாகத்துக்குப் போகும். வழக்கில் நீங்கள் ஜெயிக்கலாம். ஆனால் அதுவரை லாரி உள்ளே வராது. வீடு கட்டுகிறவருக்கு அந்த இடைவெளி தாங்காது.

வங்கிகள் முறைப்படுத்திய மனைக்குக் கடன் தருகின்றன. தனி மனை உத்தரவோடு மனைப்பிரிவு ஒப்புதலையும் கேட்கும் வங்கிகள் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன், நீங்கள் கடன் வாங்கப் போகும் கிளையின் வழக்கறிஞரிடமே நகல்களைக் காட்டி வாய்மொழியாகவாவது கேட்டுவிடுங்கள்.

ஒப்புதல் இல்லாத பழைய பத்திர மனை

இதை விற்பவர் சொல்லும் முதல் வாக்கியம்: "பத்திரம் ஆகும் சார், கவலையே படாதீங்க." அது உண்மைதான். முன்பே வீட்டு மனையாகப் பதிவானது என்ற விலக்கில் பதிவாகும். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. "இதில் பிளான் அப்ரூவல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். முறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதியும் இல்லை, மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் தரக் கூடாது என்றுதான் 2017 விதிகள் சொல்கின்றன.

"பக்கத்துல எல்லாரும் கட்டி கரண்டும் வாங்கியிருக்காங்களே?" வாங்கியிருப்பார்கள். எத்தனையோ தெருக்கள் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன. ஆனால் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில், உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சில உத்தரவுகள் போட்டது. கட்டட நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் சான்றைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடாதீர்கள்.

பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு காகிதம் காட்டுவார்கள். நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு இல்லாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அவர் கையெழுத்தும் ஊராட்சி முத்திரையும் இருந்தாலும் அது ஒப்புதல் ஆகாது. காலிமனை வரி ரசீதும் அப்படித்தான். வரி வாங்கிக்கொண்டதால் நகராட்சி மனைப்பிரிவை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது.

அப்படியானால் இதை ஒருபோதும் வாங்கக் கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே விற்பனை நடந்திருக்கிறது, மனைப்பிரிவு ஒப்புதல் ஏற்கெனவே வந்துவிட்டது, பக்கத்து மனைகள் முறைப்படுத்தப்பட்டுவிட்டன, இந்த உரிமையாளர் மட்டும் வெளிநாட்டில் இருந்ததால் விட்டுவிட்டார் என்றால், அது குணமாகிற நோய். அப்போதும் முறைப்படுத்தி முடித்த பிறகு கிரையம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சில மனைகளுக்கு மருந்தே கிடையாது. வாய்க்காலை மூடிப் பிரித்தது, ஏரி உள்வாயில் இருப்பது, புறம்போக்கில் கால் வைத்திருப்பது, நீரோட்டத்தை மறிப்பது ஆகியவற்றை விதிகளே விலக்கிவைத்திருக்கின்றன. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பஞ்சமி நிலம் இன்னொன்று. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய நிலங்கள் அவை. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்தவை. கைமாறிக் கைமாறி, இடையில் எந்தப் பத்திரத்திலும் அந்த விவரம் இல்லாமல் மனையாகிக் கிடப்பவை உண்டு. சட்டப்படி செல்லாது என்பது ஒருபுறம். அந்த மக்களுக்கு வாழ்வு தரக் கொடுத்த நிலத்தை நாம் வாங்கி உட்காருவது நியாயமும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கிராமத்தின் நிலப் பதிவேடான பழைய அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். கோயில் நிலம், வக்ஃபு நிலத்துக்கும் இந்தத் தேடல் உதவும்.

ஏற்கெனவே இப்படி ஒரு மனை உங்களிடம் இருந்தால், அப்படியே விற்பதா, முறைப்படுத்தி விற்பதா? முறைப்படுத்தி விற்பதுதான் சரி. அப்படியே விற்றால், கையில் ரொக்கம் வைத்திருக்கிறவர் மட்டும்தான் வாங்க வருவார், அவர் விலையை அடித்துப் பேசுவார். முறைப்படுத்திவிட்டால் வங்கிக் கடனோடு வருகிற எல்லோரும் உங்களுக்கு வாடிக்கையாளர்.

நத்தம்

நகரத்துக்காரர்கள் நத்தம் என்றாலே புறம்போக்கு என்று நினைத்துப் பின்வாங்குகிறார்கள். அது தேவையில்லாத பயம். ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க என்று பழங்காலத்திலிருந்தே ஒதுங்கிய இடம்தான் கிராம நத்தம். அது அரசின் சொத்தாகிவிடாது, குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2004-இல் வந்த கடத்தூர் பேரூராட்சி வழக்கு அவற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது.

நத்தத்தில் மனைப்பிரிவு ஒப்புதல் என்ற கேள்வி பெரும்பாலும் எழாது, ஏனென்றால் அது முன்பே குடியிருப்பு இடம். கட்டட அனுமதி மட்டும் வாங்க வேண்டும். ஊர் நடுவில் இருக்கும், கோயில் பக்கத்தில் இருக்கும், மேட்டில் இருக்கும். தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துத்தானே முன்னோர் ஊர் அமைத்தார்கள்.

சிக்கல் எல்லாம் எல்லையிலும் வாரிசிலும்தான். நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த, இன்னும் இறுதியாகாத தோராயப் பட்டாவோடு நின்றுபோன குடும்பங்கள் நிறைய. தாத்தா பெயரில் பட்டா, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், அவர்கள் பிள்ளைகள். விற்க வருகிறவர் ஒருவர், உரிமை உள்ளவர்கள் பதினைந்து பேர். வாரிசுச் சான்றை வைத்து ஒவ்வொருவர் கையெழுத்தையும், முக்கியமாகக் கல்யாணமாகிப் போன மகள்கள் கையெழுத்தையும், வாங்காமல் நத்தம் மனை வாங்கக் கூடாது. சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னிலையில் கல் போடுங்கள். பக்கத்துச் சுவர் யாருடையது, சந்தில் நடைபாதை யாருக்கு என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டாவையும் நத்தம் என்றே சொல்லி விற்பார்கள். அது வேறு. சில ஆண்டுகள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும், ஒப்படை ஆணையைப் படிக்காமல் தொடாதீர்கள்.

கடன் கொடுப்பதில் வங்கிக்கு வங்கி மாறும். சொந்தப் பணம் இருக்கிறது, ஊர்க்காரர், அக்கம்பக்கத்தைத் தெரியும் என்கிறவருக்கு நத்தம் மிக நல்ல இடம். ஊருக்குப் புதியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பண்ணை நிலம்

5 சென்ட், 10 சென்ட் என்று பிரித்து, தென்னங்கன்று நட்டு, வீக்எண்ட் வீடு கட்டலாம் என்று விற்கிறார்கள். பத்திரத்தில் விவசாய நிலம் என்றே எழுதுவார்கள், அதனால் 22-ஏ பிரிவில் சிக்காது. அதே காரணத்தால் அங்கே வீடு கட்ட உங்களுக்கு அனுமதியும் இல்லை. பாதி இடங்களில் தனிப்பட்டாகூடக் கிடைக்காது, பிரிபடாத பாகம் என்று கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்ப்பார்கள். விவசாயம் செய்யப் போகிறவர் ஏக்கர் கணக்கில் வாங்கலாம். வீட்டுக்காக என்றால் வேண்டாம்.

பணக் கணக்கு

முதலில் சொன்ன விலைகளையே எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்குப் புது மனைப்பிரிவில் 18 லட்சம், முறைப்படுத்தியது 14.4 லட்சம், ஒப்புதல் இல்லாதது 10.8 லட்சம். கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இல்லாத வரை, முறையே 1,62,000, 1,29,600, 97,200 ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

பார்த்தால் ஒப்புதல் இல்லாத மனையில் 7 லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆனால் அதற்கு வங்கிக் கடன் வராது. கையில் 3 லட்சம்தான் இருக்கிறது, மீதி 8 லட்சத்தை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்குகிறார் என்றால் மாதம் 16,000, வருடம் 1,92,000 வட்டி மட்டும். நான்கு வருடம் முடிவதற்குள் அந்த 7.2 லட்ச மிச்சம் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும், வீடும் கட்டியிருக்க முடியாது. நகையை வைத்துப் புரட்டினாலும் கணக்கு கொஞ்சம்தான் மாறும். முழுப் பணமும் சொந்தமாக இருக்கிறவருக்கு மட்டுமே அந்த விலை உண்மையிலேயே மலிவு. அப்படிப்பட்டவர் இதை வாங்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை.

ஆகவே என் வரிசை இது. கடனோடு சீக்கிரம் வீடு கட்டப் போகிறவர் முதலில் முறைப்படுத்திய மனைகளைத் தேடட்டும், தெரு உள்ளாட்சிக்குப் போய்விட்டது என்று உறுதியானால் அதையே எடுக்கட்டும். அப்படி அமையாவிட்டால் புது மனைப்பிரிவில், பணம் போதாது என்றால் 1,200-க்குப் பதில் 800 சதுர அடியாகவாவது வாங்கட்டும். குறையுள்ள பெரிய மனையைவிடச் சுத்தமான சின்ன மனை மேல். சொந்த ஊரில் அப்பா அம்மாவுக்காகக் கட்டுகிறவர் நத்தத்தைப் பாருங்கள். விற்கும் எண்ணத்தோடு வாங்கிப்போடுகிறவருக்குப் புது மனைப்பிரிவுதான் சரி, ஏனென்றால் நாளைக்கு வாங்க வருகிறவரும் வங்கியில்தான் போய் நிற்பார்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் வெறும் ரசீதோடு வராதீர்கள். கிரைய ஒப்பந்தம் எழுதி, முடிந்தால் பதிவும் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, ஒப்புதல் அல்லது முறைப்படுத்தும் உத்தரவு ஆகியவற்றை விற்பவர் இத்தனை நாளுக்குள் தர வேண்டும். முறைப்படுத்தும் செலவு விற்பவருடையது. வங்கியின் வழக்கறிஞர் உரிமையில் குறை சொன்னால், விற்பவர் அதைச் சரிசெய்ய முடியாவிட்டால், அட்வான்ஸ் முழுவதும் 15 நாளுக்குள் திரும்ப வேண்டும். சர்வேயர் அளந்து அளவு குறைந்தால் விலையும் அதே விகிதத்தில் குறையும். பணம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற விற்பனையாளரோடு மேலே பேசுங்கள். "இதெல்லாம் எழுத முடியாது, வேற ஆள் ரெடியா இருக்கார்" என்றால், அந்த ஆளுக்கே விட்டுவிடுங்கள்.